எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி: கார்புரேட்டர் காலம் முதல் பழுதுபார்ப்பு உரிமை வரை

மோட்டார் வாகனத்தின் எஞ்சினுக்குள் எவ்வளவு எரிபொருள் செல்ல வேண்டும், எந்தக் கணத்தில் தீப்பொறி எழ வேண்டும் என்பதை முடிவு செய்யும் சிறு கணினியே எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகும். பட்டறைகளில் இதை ஈசிஎம் என்றும் ஈசியு என்றும் சொல்வார்கள். பார்ப்பதற்கு ஓர் அலுமினியப் பெட்டி. அதிலிருந்து பல கம்பிகள் கொண்ட ஒன்றிரண்டு பெரிய செருகிகள் புறப்படும். அவ்வளவுதான்.

இந்தப் பெட்டியைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது பெரிய வேலை அல்ல. சில போல்ட்டுகளையும் செருகிகளையும் கழற்றத் தெரிந்தால் போதும். ஆனால் இன்றைய கார்களில் புதுப் பெட்டியை மாட்டி முடித்தபின்னும் வண்டி கிளம்பாது. அந்தக் காருக்கு உரிய மென்பொருளையும் சாவியின் அடையாளத்தையும் பெட்டிக்குள் ஏற்ற வேண்டும். அதற்கான கருவி பெரும்பாலும் நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில்தான் இருக்கும். ஓர் உதிரிபாகத்தை மாற்றும் வேலை, அனுமதி பெற்றுச் செய்யும் வேலையாக எப்படி மாறியது என்பதை இக்கட்டுரை வரலாற்று முறையில் விளக்குகிறது.

பெட்டி இல்லாத காலம்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னைக்கு அருகே 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய கார்களில் கணினி எதுவும் கிடையாது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுப்பது கார்புரேட்டரின் வேலை. தீப்பொறிக்கு உரிய நேரத்தைத் தீர்மானிப்பது டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குள் இருந்த பிளாட்டினம் பாயின்ட் திறக்கும்போது காயிலில் உயர் மின்னழுத்தம் உண்டாகி, பிளக்கில் பொறி பறக்கும். சென்னை பாடியில் உள்ள லூகாஸ் டிவிஎஸ் போன்ற நிறுவனங்கள் இத்தகைய மின்பாகங்களை உள்நாட்டிலேயே தயாரித்தன.

அன்றைய மெக்கானிக்கின் கருவிகள் எளியவை. ஒரு ஸ்பேனர் செட், ஒரு ஸ்க்ரூடிரைவர், உப்புத்தாள், சோதனை விளக்கு ஆகியவை இருந்தால் கடை திறந்துவிடலாம். பாயின்ட் இடைவெளியை அளக்க ஃபீலர் கேஜ் இல்லாத இடத்தில், தீப்பெட்டி அட்டையை வைத்துச் சரிபார்த்தவர்களும் உண்டு. சிவகாசிப் பக்கத்தில் அந்த அட்டைக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

அந்த முறையின் குறையையும் சொல்ல வேண்டும். பட்டாசுத் திரி எவ்வளவு நேரத்தில் எரிந்து முடியும் என்பது, அதைத் தயாரிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. பற்றவைத்த பிறகு அதை மாற்ற இயலாது. கார்புரேட்டரும் ஏறக்குறைய அப்படித்தான். காலையில் ஒருமுறை டியூனிங் செய்து வைத்தால், மேடானாலும் சமதளமானாலும், குளிரானாலும் வெயிலானாலும், சிறு மாற்றங்களோடு அதே கணக்கில்தான் அது எரிபொருளைக் கொடுக்கும். ஆகவே தேவைக்கு மேல் பெட்ரோல் செலவாயிற்று; எரியாத பெட்ரோல் புகையாக வெளியேறிற்று.

முதல் முயற்சிகள்

கார்புரேட்டருக்குப் பதிலாக மின்னணு முறையில் எரிபொருளைச் செலுத்தும் முதல் வணிக முயற்சியை அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் மேற்கொண்டது. எலெக்ட்ரோஜெக்டர் எனப்பட்ட அந்த அமைப்பு 1957-இல் அறிவிக்கப்பட்டு, 1958-ஆம் ஆண்டு மாடல் கிரைஸ்லர் நிறுவனக் கார்கள் சிலவற்றில் பொருத்தப்பட்டது. அக்காலத்து மின்னணுப் பாகங்கள் எஞ்சின் சூட்டையும் அதிர்வையும் தாங்கவில்லை. அந்தக் கார்களில் பெரும்பாலானவற்றில் அதைக் கழற்றிவிட்டு மீண்டும் கார்புரேட்டரையே மாட்டினார்கள். பழுதான கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றும் வரலாறு, பெட்டியையே அகற்றுவதில் தொடங்கியது எனலாம்.

பெண்டிக்ஸின் காப்புரிமைகள் ஜெர்மனியின் போஷ் நிறுவனத்துக்குச் சென்றன. போஷ் 1967-இல் டி-ஜெட்ரானிக் என்ற அமைப்பை வெளியிட்டது. ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் அது இடம்பெற்றது. அதன் பெட்டிக்குள் இருந்தவை டிரான்சிஸ்டர்கள். இன்றைய பொருளில் கணினி அல்ல. 1971-இல் இன்டெல் நிறுவனம் 4004 என்ற நுண்செயலியை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் நிலைமை மாறிற்று. 1979-இல் போஷின் மோட்ரானிக் அமைப்பு பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்தது. எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே பெட்டி கவனித்துக்கொள்ளும் முறை அதனுடன் நிலைபெற்றது.

புகைச் சட்டமும் பெட்டியும்

இந்தப் பெட்டி பரவியதற்கு முதற்காரணம் வேகமோ சொகுசோ அல்ல. புகையைப் பற்றிய சட்டங்களே. அமெரிக்காவில் 1970-இல் இயற்றப்பட்ட தூய காற்றுச் சட்டம் வாகனப் புகையைப் பெருமளவு குறைக்கக் கட்டளையிட்டது. அதற்காகப் புகைக்குழாயில் வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்டது. மூன்று வகை நச்சு வாயுக்களையும் ஒருங்கே குறைக்கும் வினையூக்கி மாற்றி ஒரு நிபந்தனையின் பேரில்தான் முழுமையாக வேலை செய்யும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கு ஏறக்குறைய மாறாமல் இருக்க வேண்டும். இதைக் கார்புரேட்டரால் காப்பாற்ற இயலாது.

1976-இல் போஷ் தயாரித்த லாம்டா சென்சார் இதற்கு வழி காட்டியது. புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை அளந்து அது பெட்டிக்குச் செய்தி அனுப்பும். பெட்டி அடுத்த கணமே எரிபொருளைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

பெட்டி வந்தபின் அதன் பழுதை எப்படிக் கண்டறிவது என்ற கேள்வி எழுந்தது. கலிபோர்னியா மாநிலம் 1988 மாடல் கார்களிலிருந்து, பெட்டி தன் பழுதைத் தானே கண்டுபிடித்து டாஷ்போர்டில் விளக்கேற்றிக் காட்ட வேண்டும் என விதித்தது. இதுவே ஓபிடி எனும் தற்கண்டறி முறை. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வகைச் செருகியையும் குறியீட்டையும் வைத்திருந்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் 16 முனைகள் கொண்ட ஒரே வகைச் செருகியும் பொதுவான பழுதுக் குறியீடுகளும் கட்டாயமாயின. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதல் இம்முறை வந்தது. இன்று சிவகாசியில் ஒரு மெக்கானிக் ஸ்டியரிங்குக்குக் கீழே கைவிட்டு ஸ்கேனரைச் செருகும் இடம் அந்த 16 முனைச் செருகிதான்.

இந்தியாவுக்கு வந்த வழி

இந்தியாவில் பெட்ரோல் வாகனங்களுக்கான முதல் புகை அளவு விதிகள் 1991-இல் வந்தன. 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. ஈயமற்ற பெட்ரோலும் விற்பனைக்கு வந்தது. 1999 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம், டெல்லி வட்டாரத்தில் யூரோ 1, யூரோ 2 அளவுகளை விரைந்து நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. இதன்பின் கார்புரேட்டர் கார்களுக்கு இடம் சுருங்கிவிட்டது.

அதற்குச் சற்று முன்பே, 1998-இல், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் சான்ட்ரோ, எம்பிஎஃப்ஐ எஞ்சினுடன் வெளிவந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் மூலம் எரிபொருள் தெளிக்கும் முறையே எம்பிஎஃப்ஐ. மாருதி 800 காரும் 2000-ஐ ஒட்டி இம்முறைக்கு மாறியது. எம்பிஎஃப்ஐ என்ற எழுத்துகளைக் காரின் பின்புறத்தில் பெருமையாக ஒட்டியிருந்த காலம் அது. அந்த எழுத்துகளுக்குப் பொருள், இந்தக் காருக்குள் ஒரு பெட்டி இருக்கிறது என்பதே.

டீசல் கார்களில் காமன் ரெயில் முறை இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது. 2002-இல் வந்த ஹூண்டாய் அக்சென்ட் சிஆர்டிஐ இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இருசக்கர வாகனங்களில் 2006-இல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்ஐ வந்தது. நாம் குட்டியானை என்று அழைக்கும் டாடா ஏஸ் 2005-இல் அறிமுகமானபோது, அதில் இருந்தது இயந்திரப் பம்பு கொண்ட எளிய டீசல் எஞ்சின்.

அடுத்து வந்த பாரத் நிலை விதிகள் பெட்டியை எல்லா வாகனங்களுக்கும் கொண்டுசேர்த்தன. பாரத் நிலை 4 விதிகள் 2010 ஏப்ரலில் 13 நகரங்களிலும், 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. நிலை 4 கார்களுக்கு 2010 முதல் ஓபிடி முறையின் முதற்கட்டமும், 2013 முதல் இரண்டாம் கட்டமும் கட்டாயமாயின. நிலை 5 தவிர்க்கப்பட்டு, 2020 ஏப்ரல் 1 முதல் நிலை 6 நேரடியாக வந்தது. அத்துடன் ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் வரை எரிபொருள் தெளிப்பு முறை பரவிவிட்டது. மேற்கு நாடுகளில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் நடந்த மாற்றம், நம் ஊர்ப் பட்டறைகளுக்கு இருபது ஆண்டுகளில் வந்து சேர்ந்தது.

பெட்டி வேலை செய்யும் முறை

மாணவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், நொடிக்கு 50 சுற்று. நான்கு சிலிண்டர் கொண்ட நான்கடி எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு தீப்பொறி தேவை. ஆகவே நொடிக்கு 100 தீப்பொறி. ஒவ்வொரு பொறிக்கும் முன்பாகப் பெட்டி சில கேள்விகளுக்கு விடை தேடுகிறது. கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது? எவ்வளவு காற்று உள்ளே வருகிறது? தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது? ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறார்? புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிஞ்சியது?

இந்த விடைகளைத் தருபவை சென்சார்கள். அவற்றுள் பலவற்றுக்குப் பெட்டியே 5 வோல்ட் மின்சாரம் கொடுத்து, திரும்பி வரும் அளவைப் படிக்கிறது. படித்ததைத் தன் நினைவகத்தில் உள்ள அட்டவணையோடு ஒப்பிட்டு, இன்ஜெக்டர் எத்தனை மில்லிநொடி திறந்திருக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. இந்த அட்டவணை ஒவ்வொரு மாடலுக்கும் வேறுபடும். வெளியே ஒன்றுபோல் தெரியும் இரு பெட்டிகள் உள்ளே வேறு வேறாக இருப்பது இதனால்தான்.

பெட்டி பழுதாவதும், பழுதாகாமலே மாற்றப்படுவதும்

பெட்டி பழுதாவதற்குச் சில தெளிவான காரணங்கள் உண்டு. நீர் உட்புகுவது முதலாவது. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வெள்ளம் வந்தபோது, நீரில் மூழ்கிய கார்களில் எஞ்சினைவிட முதலில் கவலைப்பட வேண்டியிருந்தது இத்தகைய மின்னணுப் பெட்டிகளைப் பற்றித்தான். பேட்டரி முனைகளை மாற்றி இணைப்பது, பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் வண்டியின் உடலில் வெல்டிங் வைப்பது, இன்ஜெக்டரிலோ காயிலிலோ ஷார்ட் ஏற்பட்டு அதை இயக்கும் டிரான்சிஸ்டர் கருகுவது, பல ஆண்டுச் சூட்டிலும் அதிர்விலும் சால்டர் இணைப்பு விரிசல் விடுவது ஆகியவை மற்றவை.

ஆனால் பெட்டி எளிதில் கெடுவதில்லை. பெட்டி கெட்டதுபோல் தோன்றும் பல வண்டிகளில் உண்மையான குற்றவாளி வேறொன்றாக இருக்கும். எர்த் கம்பி துருப்பிடித்திருக்கலாம். மெயின் ரிலே தேய்ந்திருக்கலாம். எலி கம்பியைக் கடித்திருக்கலாம். ஒரே ஒரு சென்சாரில் ஷார்ட் ஏற்பட்டாலும், 5 வோல்ட் முழுவதும் இறங்கி மற்றச் சென்சார்களும் பொய் சொல்லும். பேட்டரி பலவீனமாக இருந்தால், ஸ்டார்ட்டர் சுழலும்போது மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்து பெட்டி விழிக்காமலே போகலாம்.

விஸ்வநத்தத்தில் நான் அறிந்த ஒரு காரின் கதை இதற்குப் பொருந்தும். ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்துவிடும்; அரைமணி நேரம் கழித்துத் தானாகவே கிளம்பும். வெளியூரில் ஓரிடத்தில் ஸ்கேன் போட்டுப் பார்த்துவிட்டு, பெட்டி போய்விட்டது, புதிது வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். உரிமையாளர் ஒரு சிறு அச்சகத்தில் வேலை செய்பவர். சொன்ன தொகை அவருடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். பணம் திரட்ட அவகாசம் கேட்டு ஊர் திரும்பியவர், உள்ளூர் மெக்கானிக் ஒருவரிடம் காட்டினார். அவர் மல்டிமீட்டரை எடுத்து, எஞ்சின் ஓடும்போது பெட்டியின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளந்தார். அங்கு ஏறக்குறைய ஒன்றும் காட்டக்கூடாது. மீட்டர் ஒரு வோல்ட்டைத் தாண்டியது. எஞ்சினில் எர்த் போல்ட் இருக்கும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதுக் கம்பி போட்டார். அந்தப் பெட்டி இன்னும் அதே காரில் இருக்கிறது.

எரர் கோடு எந்தச் சுற்றில் கோளாறு என்பதைச் சொல்லும். எந்தப் பாகம் கெட்டது என்பதைச் சொல்லாது. பி 0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் சுற்றில் கோளாறு என்றே பொருள். அது சென்சாராகவும் இருக்கலாம், கம்பியாகவும் இருக்கலாம், செருகியாகவும் இருக்கலாம். பி 0601, பி 0606 ஆகிய இரண்டும் பெட்டியின் நினைவகத்தையும் செயலியையும் நேரடியாகக் குறிப்பவை. அவை வந்தாலும் முதலில் மின்சாரத்தையும் எர்த்தையும் சரிபார்த்த பிறகே பெட்டியின் மீது முடிவு சொல்ல வேண்டும்.

மாற்றும் முறை: அன்றும் இன்றும்

1980-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் பெட்டியை மாற்றுவது எளிதாக இருந்தது. அந்த மாடலுக்கு உரிய அட்டவணை ஒரு தனிச் சில்லில் இருந்தது. பழைய பெட்டியிலிருந்து அந்தச் சில்லைக் கையால் எடுத்து, புதுப் பெட்டியில் செருகினால் போதும். நம் நாட்டின் தொடக்ககால எம்பிஎஃப்ஐ கார்கள் சிலவற்றிலும், சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் அதே எண்ணுள்ள பெட்டியைத் தேடிப் பிடித்து மாட்டினால் வண்டி ஓடிற்று.

இமொபிலைசர் வந்தபின் அது நின்றது. கார் திருட்டைத் தடுக்க ஐரோப்பாவில் 1990-களின் இறுதியில் இது கட்டாயமாயிற்று. பிறகு நம் நாட்டுக் கார்களிலும் பரவிற்று. சாவிக்குள் ஒரு சிறு சில்லு இருக்கும். அதன் எண்ணைப் பெட்டி அறிந்திருந்தால்தான் எஞ்சின் கிளம்பும். வேறு காரின் பெட்டிக்கு நம் காரின் சாவி அந்நியம்.

இன்று முறையாகப் பெட்டியை மாற்றும் வரிசை பொதுவாக இவ்வாறு அமையும்.

முதலில், பழைய பெட்டியோடு ஸ்கேனர் பேசுகிறதா என்று பார்த்து, படிக்க முடிந்த தகவல் அனைத்தையும் சேமிக்க வேண்டும். பெட்டியின் மேல் ஒட்டியுள்ள பாக எண்ணை இறுதி எழுத்து வரை ஒப்பிட வேண்டும்.

இரண்டாவதாக, பழைய பெட்டியைக் கெடுத்த காரணத்தைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும். ஷார்ட்டான காயிலை அப்படியே விட்டுவிட்டுப் புதுப் பெட்டியை மாட்டினால், அதுவும் கருகிவிடும்.

மூன்றாவதாக, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, சற்றுப் பொறுத்து, செருகிகளின் பூட்டு நெம்பை விலக்கிப் பெட்டியை எடுக்க வேண்டும். செருகியின் முனைகளை விரலால் தொடக்கூடாது. நம் உடலின் நிலைமின்சாரம் சில்லைக் கெடுக்கலாம்.

நான்காவதாக, புதுப் பெட்டியை மாட்டி, காரின் சேசிஸ் எண்ணையும் மாடலுக்கு உரிய மென்பொருளையும் ஏற்ற வேண்டும். ஏற்றும் நேரம் முழுவதும் பேட்டரிக்குச் சார்ஜர் துணை வேண்டும். பாதியில் மின்னழுத்தம் இறங்கினால் புதுப் பெட்டி செங்கல்லாகிவிடும்.

ஐந்தாவதாக, சாவிகளைப் பெட்டிக்கு அறிமுகம் செய்ய வேண்டும். காமன் ரெயில் டீசலாக இருந்தால், பல மாடல்களில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் பொறித்துள்ள குறியீட்டையும் பதிவு செய்ய வேண்டும். திராட்டில் நிலையையும் கற்பிக்க வேண்டும்.

முதல் மூன்று படிகளை எந்த நல்ல மெக்கானிக்கும் செய்துவிடுவார். நான்காவதும் ஐந்தாவதும் நிறுவனத்தின் கருவியும் கடவுச்சொல்லும் இல்லாமல் நடக்காது. பழைய பெட்டியின் நினைவகத்தைப் படித்துப் புதியதில் அப்படியே எழுதும் நகல் முறையைச் சில மின்னணுப் பட்டறைகள் செய்கின்றன. பழைய பெட்டி படிக்கும் நிலையில் இருந்தால்தான் அதுவும் கைகொடுக்கும்.

2014 ஆணை

இந்தப் பூட்டைப் பற்றி இந்தியாவில் ஒரு முக்கியமான வழக்கு நடந்தது. கார் நிறுவனங்கள் அசல் உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குத் தருவதில்லை என்று, 2011 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையத்திடம் ஒரு புகார் வந்தது. சம்ஷேர் கட்டாரியா எதிர் ஹோண்டா சீல் என்று அறியப்படும் வழக்கு இதுவே. தொடக்கத்தில் மூன்று நிறுவனங்கள் மீதான புகார், விசாரணையில் 17 நிறுவனங்கள் வரை விரிந்தது.

2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஒரு காரை வாங்கியவர் அதற்கு உரிய பாகத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் அந்த ஒரே நிறுவனத்தைச் சார்ந்து நிற்கும்படி ஆகிறது என்பது ஆணையத்தின் முடிவு. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் எளிதில் கிடைக்க வழி செய்ய வேண்டும். வெளிப்பட்டறைகளுக்குத் தடை போடக்கூடாது. வெளியே பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யக்கூடாது என்றும் அது கட்டளையிட்டது. வெளியே செய்த தவறான வேலையால் சேதம் ஏற்பட்டிருந்தால், அந்தச் சேதத்துக்கு வாரண்டியை மறுக்கலாம்.

இவ்வழக்கில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. ஹூண்டாய் நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியதால், அதன் மீதான ஆணை தனியாக 2015 ஜூலையில் வந்தது. அபராதம் சுமார் 420 கோடி ரூபாய். 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், தன்னிடம் வந்த மூன்று நிறுவனங்களின் வழக்கில் ஆணையத்தின் முடிவை ஏற்றுக்கொண்டது. ஆனால் மொத்த விற்பனை வருவாயை வைத்துக் கணக்கிட்ட அபராதத்தை, உதிரிபாக விற்பனையை மட்டும் வைத்துக் குறைத்தது. வேறு பல நிறுவனங்கள் உயர் நீதிமன்றங்களில் வழக்கை நீட்டித்தன.

பழுதுபார்ப்பு உரிமை

வெளிநாடுகளிலும் இதே கேள்வி எழுந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இல் வாகனப் பழுதுபார்ப்பு உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2007-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியிலேயே, பழுதுபார்ப்புத் தகவல்களைத் தனிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்றது. இந்தியாவில் 2022 ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்ப்பு உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கென ஓர் இணையதளம் தொடங்கப்பட்டது. அதில் அடங்கும் நான்கு துறைகளுள் வாகனத் துறையும் ஒன்று.

நிறுவனங்களின் வாதத்தையும் பதிவு செய்வது நியாயம். சாவிக் கடவுச்சொல் எல்லோருக்கும் கிடைத்தால் திருட்டு பெருகும். பெட்டியின் அட்டவணையைக் கண்டபடி மாற்றினால் புகை கூடும் என்கிறார்கள். இரண்டும் பொருளற்ற அச்சங்கள் அல்ல. ஆனால் பதிவு பெற்ற பட்டறைக்கு, உரிமையாளரின் ஆவணத்தைச் சரிபார்த்துக் கருவியைப் பயன்படுத்தும் உரிமையைக் கட்டணத்தின் பேரில் தர முடியும். பூட்டு இருக்கட்டும், சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கக்கூடாது என்பதே இங்குள்ள கோரிக்கை.

விஸ்வநத்தம் போன்ற ஊர்களுக்கு இதன் பொருள்

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் பகுதியில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்று தொழில்களும் வண்டிகளை நம்பி இருக்கின்றன. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சரக்கு ஏற்றிய வேன் ஒன்று பெட்டிக் கோளாறால் நின்றுவிட்டால், அந்தப் பருவத்தின் வருமானத்தில் அது ஒரு பெரிய ஓட்டை. உள்ளூரில் சரிசெய்ய இயலாது என்றால், வண்டியை மதுரைக்கோ விருதுநகருக்கோ கட்டி இழுத்துச் செல்ல வேண்டும். அதன் செலவு வேறு.

மறுபக்கம் மெக்கானிக்குகள். கார்புரேட்டரைக் காதால் கேட்டே டியூன் செய்த தலைமுறை ஓய்வு பெற்று வருகிறது. அடுத்த தலைமுறை ஐடிஐ நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் சேர்ந்து, சென்சாரையும் ஸ்கேனரையும் படிக்கிறது. என்னிடம் எட்டாம் வகுப்பில் மின்சுற்றுப் பாடம் படித்த மாணவர்கள் சிலர் இன்று அந்த வேலையில் இருக்கிறார்கள். எர்த் கம்பியில் மின்னழுத்த வீழ்ச்சியை அளப்பது அவர்களுக்கு ஓம் விதியின் நேரடிப் பயன். அவர்களிடம் இல்லாதது அறிவு அல்ல. நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் தேவையான அனுமதி.

கார் வைத்திருப்பவர்களுக்கும் சில கடமைகள் உண்டு. பெட்டி போய்விட்டது என்று ஒருவர் சொன்னால், எந்த எரர் கோடு வந்தது, பேட்டரி அழுத்தமும் எர்த்தும் அளக்கப்பட்டனவா, ரிலேயும் பியூசும் பார்க்கப்பட்டனவா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். மாற்றிய பழைய பெட்டியைத் திரும்பக் கேட்டு வாங்கலாம். இரண்டு சாவிகளையும் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. புதுப் பெட்டிக்கு அறிமுகம் செய்யும்போது இரண்டுமே தேவைப்படும்.

நிறைவாக

புகையைக் குறைக்கச் சட்டம் கேட்டது. அதற்காக எஞ்சினுக்குள் கணினி வந்தது. அதனால் காற்று தூய்மையடைந்தது, பெட்ரோல் மிச்சமாயிற்று என்பதில் ஐயமில்லை. அதே கணினி, வண்டியைப் பழுதுபார்க்கும் அறிவைப் பொதுப் பட்டறையிலிருந்து நிறுவனத்தின் கதவுக்குள் கொண்டுபோனது. 1996-இல் 16 முனைச் செருகியைச் சட்டம் பொதுவாக்கியதால்தான் இன்று நம் ஊர் மெக்கானிக் பழுதைப் படிக்க முடிகிறது. படித்த பழுதை அவரே சரிசெய்யவும் வழி திறப்பது, 2014 ஆணையும் 2022 முயற்சியும் தொடங்கிவைத்து இன்னும் முடியாத வேலை. மின்கலத்தால் ஓடும் வண்டிகள் பெருகும் இக்காலத்தில் ஒரு வண்டிக்குள் இத்தகைய பெட்டிகள் மேலும் கூடுகின்றன. ஆகவே இந்த வேலையின் அவசரமும் கூடுகிறது.